கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது: வீட்டுக்குள் புகும் நச்சு வாயு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2005ஆம் ஆண்டுப் புகைமூட்டம் மறந்திருக்காது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. அரசாங்கம் இரண்டு இடங்களிலும் அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வெளியே வராதீர்கள், கதவு ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்பதுதான் அன்று எல்லாருக்கும் சொல்லப்பட்ட அறிவுரை.

வெளியே புகை சூழ்ந்திருக்கும்போது அது சரியான அறிவுரை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சாத்திய வீட்டுக்குள் எதுவும் எரியக் கூடாது. கரி, விறகு, பெட்ரோல், மண்ணெண்ணெய், சமையல் கேஸ் என எதுவாக இருந்தாலும், போதிய காற்று இல்லாமல் எரிந்தால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைட் என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, சுவை இல்லை. கண்ணும் எரியாது, இருமலும் வராது. தூங்கிக் கொண்டிருப்பவர் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

புகைமூட்டம் என்றதும் நாம் முகக்கவரியைத் தேடுகிறோம். என்95 கவரி காற்றில் மிதக்கும் நுண்துகள்களைத்தான் தடுக்கும். கார்பன் மோனாக்சைட் வாயு என்பதால் அது கவரியைத் தாண்டி உள்ளே போய்விடும். ஈரத்துணியை மூக்கில் கட்டினாலும் அதே கதைதான்.

ரத்தத்தில் நடக்கும் திருட்டு

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதைத் தோட்டத்து லாரியாக நினைத்துக் கொள்ளுங்கள். பிராணவாயு ஏற வேண்டிய லாரியில் கார்பன் மோனாக்சைட் முந்தி ஏறிக் கொள்கிறது. ஹீமோகுளோபினோடு ஒட்டிக் கொள்வதில் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வல்லது. ஏறிய பின் எளிதில் இறங்குவதும் இல்லை. லாரிகள் ஓடிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் சரக்கு போய்ச் சேராது.

காற்றில் அதன் அளவு கொஞ்சமாக இருந்தாலும், பல மணி நேரம் சுவாசித்தால் ரத்தத்தில் சேர்ந்து கொண்டே போகும். அதனால்தான் இரவுத் தூக்கம் ஆபத்தான நேரம்.

நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அது உடனே வெளியேறிவிடாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், ரத்தத்தில் உள்ள நச்சு பாதியாகக் குறையவே ஏறக்குறைய நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாகச் சுத்தமான பிராணவாயு கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். "வெளியே வந்துவிட்டான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே படுக்க வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கேஸ் கசிவு வேறு, இது வேறு

நம் வீடுகளில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொள்கிறார்கள். கேஸ் தோம்பில் இருக்கும் சமையல் வாயுவுக்கு இயற்கையில் பெரிதாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றமுள்ள ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவும், தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

கார்பன் மோனாக்சைடோ எரிந்த பிறகு உண்டாவது. அதில் யாரும் நாற்றத்தைக் கலக்க முடியாது. அதன் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான் என்பதால் அறை முழுவதும் ஒரே மாதிரி கலந்துவிடும். தரையில் பாய் போட்டுப் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் வித்தியாசம் இல்லை. "கேஸ் வாசனை ஒன்றும் வரவில்லையே" என்று இந்த விஷயத்தில் நிம்மதி அடைய முடியாது.

அடுப்பிலேயே ஓர் அடையாளம் உண்டு. கேஸ் அடுப்பின் தீ நீலமாக எரிந்தால் காற்று சரியாகக் கலக்கிறது என்று பொருள். மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலோ, சட்டியின் அடியில் கரி பிடித்தாலோ, எரிப்பு அரைகுறையாக நடக்கிறது. அடுப்புத் தலையைக் கழற்றிக் கழுவி, துவாரங்களை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்பைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

பலகை வீடும் ஏர்கோன் வீடும்

"எங்கள் பாட்டி காலமெல்லாம் விறகடுப்பில்தானே சமைத்தார்கள், யார் செத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் வீட்டின் அமைப்பில் இருக்கிறது.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களின் பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். அந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலம் அது. பலகைச் சுவரில் இடுக்கு இருக்கும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி இருக்கும். சமையல்கட்டு பின்பக்கம் தள்ளி, பாதி திறந்தபடி இருக்கும். புகை கண்ணைக் கரித்தாலும் காற்று ஓடிக் கொண்டே இருக்கும். அந்தப் புகையும் நல்லதில்லைதான். தினமும் அதைச் சுவாசித்த நம் தாய்மார்களுக்கு இருமலும் இளைப்பும் வந்தன. ஆனால் அந்த இடுக்குகள் ஒரே இரவில் உயிர் போகாமல் காப்பாற்றின.

மின்சாரமும் அப்படித்தான். பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டரே லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தது. இரவில் குறிப்பிட்ட நேரத்தோடு நிறுத்தி விடுவார்கள். அந்த என்ஜின் லயத்தை விட்டுத் தள்ளித் தனிக் கொட்டகையில் ஓடியது.

இன்று நாம் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் ரவாங்கிலும் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். கல் சுவர், கண்ணாடி ஜன்னல், குளிர் வெளியே போகாதபடி கதவிடுக்கிலும் ரப்பர் பட்டை. வீடு மாறியது. கரியும் சாம்பிராணியும் ஜெனரேட்டரும் மாறாமல் உள்ளே வந்துவிட்டன.

ஏர்கோன் ஓடினால் காற்று மாறுகிறது என்று நினைப்பதும் தவறு. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் அறையில் உள்ள அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டு வருவதில்லை. மூடிய அறையில் காற்றாடியும் நச்சை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும், அவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி

குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது நம்மிடம் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்குத் தலைமுடி உலரவும் கரித் தணலில் சாம்பிராணி போடுவார்கள். பத்தியக் காலத்தில் தாய்க்குச் சூடு வேண்டும் என்று அறையில் கரிச்சட்டி வைக்கிற வீடுகளும் உண்டு.

இதில் சாம்பிராணியைவிட அடியில் இருக்கும் கரியைத்தான் கவனிக்க வேண்டும். தணல் புகையே இல்லாமல் சிவந்திருக்கும்போது, "புகை நின்றுவிட்டது, இனி உள்ளே கொண்டு போகலாம்" என்கிறோம். உண்மையில் அப்போதுதான் அது ஓசையில்லாமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக் கொண்டிருக்கும். தாய்க்கும் குழந்தைக்கும் காற்று படக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தி வைத்தால் நச்சு வெளியேற வழியே இல்லை.

பச்சைக் குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் நச்சும் விரைவாக உள்ளே போகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கவலை இன்னும் அதிகம். வயிற்றில் உள்ள சிசுவின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகப் பிடித்து வைத்துக் கொள்ளும். தாய்க்கு லேசான தலைவலியாக இருக்கும்போதே சிசுவுக்கு ஆபத்து வரலாம்.

பாட்டியின் மனம் நோகாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது. தூபக்காலை வாசலிலோ பின்கட்டிலோ திறந்த இடத்தில் வைத்து, சடங்குக்கு ஒரு நிமிடம் காட்டிவிட்டு, தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்து விடுங்கள். தாயும் பிள்ளையும் தூங்கும் அறைக்குள் தணல் போகக் கூடாது. முடி உலர மின்சார உலர்த்தி போதும்.

கரித் தணல் என்ன செய்யும் என்பதற்குக் கொடைக்கானலில் நடந்தது ஒரு பாடம். 2024 ஆகஸ்ட்டில் திருச்சியிலிருந்து சுற்றுலா போன இளைஞர்கள், இறைச்சி வாட்டிய கரி அடுப்பை அறைக்குள் வைத்தபடி தூங்கினார்கள். அவர்களில் இருவர் எழுந்திருக்கவில்லை. கேமரன் மலைக்கும் கெந்திங்கிற்கும் போய்க் குளிருக்கு அறையை மூடிக் கொண்டு கரி அடுப்பு மூட்டுகிறவர்களுக்கும் கூடாரத்துக்குள் அடுப்பை இழுத்து வைத்துக் கொள்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

கேஸில் எரியும் ஹீட்டரும் விதிவிலக்கில்லை. 2020 ஜனவரியில் நேப்பாளத்தின் டாமன் என்ற மலைவாசத் தலத்தில், கேரளாவிலிருந்து சுற்றுலா வந்த எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்து கிடந்தார்கள். இரண்டு தம்பதியரும் நான்கு பிள்ளைகளும். குளிருக்காகக் கதவு ஜன்னல்களைத் தாழிட்டு, கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கியிருந்தார்கள்.

வெள்ளமும் ஜெனரேட்டரும்

2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி வாழ்கிற நம் மக்களுக்கு வெள்ளம் என்றால் மின்வெட்டும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்த வீடுகள் பல. மழையில் நனையக் கூடாது, திருட்டும் போகக் கூடாது என்று அதைக் கார் நிறுத்தும் முற்றத்திலோ சமையல்கட்டிலோ வைத்து ஓட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சிறிய ஜெனரேட்டர் பல நூறு கார்கள் விடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடக் கூடியது. காரில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி இருக்கிறது. மலிவான ஜெனரேட்டரில் அது இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயலால் மின்சாரம் போனபோது, வீட்டுக்குள் ஜெனரேட்டரும் காரும் கரி அடுப்பும் ஓட்டிய குடும்பங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வாயுவால் இறந்தார்கள். குளிர் அவர்களை உள்ளே தள்ளியது. நம்மை மழை உள்ளே தள்ளுகிறது.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புகைக்குழாய் உங்கள் வீட்டையும் பார்க்கக் கூடாது, அடுத்த வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது. தொடர் வீடுகளில் இந்த 6 மீட்டருக்கு இடமே இருக்காது. அங்கே ஜெனரேட்டரை ஓட்டாமல் இருப்பதே நல்லது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து எதிரே உள்ள திறந்தவெளியில் ஒன்றை வைத்துப் பகிர்ந்து கொள்ளலாம். கைப்பேசிக்கும் விளக்குக்கும் மட்டும் என்றால், சார்ஜ் செய்து வைக்கும் பேட்டரி பெட்டி போதும். அதிலிருந்து புகை வராது.

தண்ணீர் வடிந்த பிறகு இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. பெட்ரோலில் ஓடும் பம்பையும் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தையும் வீட்டுக்குள் கொண்டு போய்ச் சேற்றைக் கழுவுகிறோம். கதவு திறந்துதானே இருக்கிறது என்று நம்ப வேண்டாம். இயந்திரம் வெளியே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

காரில் ஒரு குட்டித் தூக்கம்

இரவு வேலை முடித்துத் தூரத்திலிருந்து காரில் வீடு திரும்பும் இளைஞர்கள் நம்மிடையே அதிகம். வாடகைக் கார் ஓட்டுபவர்களும் அப்படித்தான். களைப்பு மிஞ்சினால் ஓரமாக நிறுத்தி, ஏர்கோனைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கமாகிவிட்டது.

2020இல் பினாங்கில், எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தி, என்ஜின் ஓடியபடி உறங்கிய நான்கு இளம் பெண்களில் மூவர் உயிரிழந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏர்கோனுக்காக ஓட்டிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் ஏறியதே காரணம் என்று கண்டறியப்பட்டது.

ஓடும் காரின் புகை பின்னால் போய்விடும். நிற்கும் காரின் புகை அடியிலேயே தேங்கும். புகைக்குழாயில் துருப்பிடித்த ஓட்டை, அடித்தட்டில் ஒரு விரிசல், சரியாக மூடாத பின்கதவு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஓசைக்காகப் புகைக்குழாயை மாற்றிய கார்களில் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

தூங்கியே ஆக வேண்டும் என்றால் என்ஜினை அணையுங்கள். நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வையுங்கள். வேர்க்கும்தான். ஓய்விடத்தில் சூராவ் பக்கத்திலோ உணவுக்கடையிலோ ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சாய்ந்து கொள்வது இன்னும் நல்லது.

வீட்டு முற்றத்தில் காரைச் சூடாக்குகிற பழக்கத்தையும் விட வேண்டும். பின்பக்கம் வீட்டைப் பார்த்தபடி நிறுத்தி, கூடத்துக் கதவையும் திறந்து வைத்தால் புகை நேரே உள்ளே வரும்.

டிங்கியா, காற்றுப் பிடிப்பா?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, அசதி, குழப்பம். இவைதான் முதல் அறிகுறிகள். சிலாங்கூரில் இதைக் கேட்டதும் டிங்கியோ என்று சந்தேகம் வரும். இல்லையென்றால் கெட்டுப்போன சாப்பாடு, காற்றுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்ப்பார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள் உதவும். காய்ச்சல் இருக்கிறதா? இந்த நச்சுக்குக் காய்ச்சல் வராது. வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்கும் தலை வலிக்கிறதா? வெளியே போனால் தேவலையாகி, உள்ளே வந்தால் திரும்புகிறதா? பூனையோ நாயோ சோர்ந்து கிடக்கிறதா?

இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை. கோவிட் காலத்தில் பல குடும்பங்கள் விரலில் மாட்டும் பிராணவாயு அளவி வாங்கின. அதை மாட்டிப் பார்த்து, "98 காட்டுகிறது, ஒன்றும் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். சாதாரண விரல் அளவிக்குப் பிராணவாயு ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைட் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நச்சு ஏறியவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த முடியும்.

சந்தேகம் வந்தவுடன் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். போகிற வழியில் கதவு ஜன்னல்களைத் திறந்து விடலாம், ஆனால் அதற்காக உள்ளே நிற்க வேண்டாம். திறந்த வெளியிலிருந்து 999ஐ அழையுங்கள். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் தீயணைப்புப் படையிடம் அதை முதலில் சொல்லுங்கள். காப்பாற்றப் போனவரே அடுத்து விழுவது இந்த வகை விபத்துகளில் வழக்கமாக நடப்பது.

தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போனாலும் சுங்கை பூலோ மருத்துவமனைக்குப் போனாலும், மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்: "வீட்டில் கரி எரிந்தது", "ஜெனரேட்டர் ஓடியது", "காரில் தூங்கினார்". இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் வெறும் தலைவலியாக நினைத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. குணமாகி வீடு திரும்பியவருக்குச் சில வாரங்கள் கழித்து மறதியோ தடுமாற்றமோ குண மாற்றமோ தெரிந்தால், திரும்பவும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த நச்சு அப்படித் தாமதமாகவும் தன் வேலையைக் காட்டும்.

சுரங்கத்துப் பறவையும் சுவரில் மாட்டும் கருவியும்

நம் பக்கத்திலேயே உள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரிச் சுரங்கம் நடந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் இந்த வாயு பழைய எதிரி. 1890களில் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர், சுரங்கத்துக்குள் சிறிய பிராணிகளைக் கொண்டு போகச் சொன்னார். கேனரி என்ற சிறு பறவை மனிதனுக்கு முன்பே மயங்கி விழும். அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் வெளியே ஓடுவார்கள். பிரிட்டனில் 1986 வரை இந்தப் பறவைகள் வேலையில் இருந்தன. அதன் பிறகு மின்னணுக் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

இன்று அந்தக் கருவி வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குச் சிறியதாகிவிட்டது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. கேஸ் கசிவுக் கருவியும் கண்டுபிடிக்காது. "கார்பன் மோனாக்சைட்" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பெட்டியில் இஎன் 50291 அல்லது யூஎல் 2034 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இஎன் தரத்தின்படி, வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தொட்டால் கருவி 3 நிமிடத்துக்குள் அலற வேண்டும். 50 பங்குதான் என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அலற வேண்டும். எந்தத் தரக் குறியும் இல்லாத மலிவுக் கருவியை நம்பி உறங்க முடியாது.

படுக்கையறைக்கு அருகில், தூங்குபவர் காதில் விழும் இடத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் குளியலறையிலும் வேண்டாம். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். உள்ளே இருக்கும் உணர்வி என்றென்றும் உழைக்காது. காலாவதித் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் ஜெனரேட்டரை உள்ளே கொண்டு வரவும் கூடாது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்க:

• கரித் தணல் எந்தக் காரணத்துக்காகவும் தூங்கும் அறைக்குள் போகக் கூடாது.

• ஜெனரேட்டரும் பெட்ரோல் பம்பும் வீட்டிலிருந்து 6 மீட்டருக்கு அப்பால்.

• என்ஜின் ஓடும் காரில் தூங்கக் கூடாது.

• கேஸ் அடுப்பின் தீ மஞ்சளானால் அன்றே சுத்தம் செய்ய வேண்டும்.

• தீபாவளிப் பலகாரம் சுடும்போது, வெளியே புகைமூட்டம் இருந்தாலும் சமையல்கட்டு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்.

• கேஸில் எரியும் வெந்நீர்க் கருவி இருந்தால், அதன் புகை வெளியேறும் குழாயை ஆண்டுக்கு ஒரு முறை தொழில் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

• பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் முதலில் வெளியே, பிறகு 999.

தோட்டத்து வீட்டில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அடுத்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, கரிச்சட்டி எந்த அறையில் இருக்கிறது, அடுப்புத் தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. மழைக்காலம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.